பூஜ்யம் எங்கே இருக்கிறது

பதினோரு அளவு நிலையங்கள்.
மூத்ததற்கு அறுபத்திரண்டு வயது,
இளையதற்குப் பதினான்கு.
நூறாண்டு வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால்
பதில் சொல்லும் வயது எதற்கும் இல்லை.

ஆகவே யாசென்கா,
ஸெனிட்சா நகரத்தில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யும் ஓர் அறையில்
எல்லா ஆறுகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறாள்.
ஒவ்வொன்றையும் அதனதன் சராசரியால் வகுத்துவிட்டால்
பெரிய ஆறு சின்ன ஆறு என்ற பேதம் போய்விடும்.
தன்னிடம் இல்லாத ஆண்டுகளைப்
பக்கத்து ஆற்றிடம் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம்.
மொத்தம் நானூற்று முப்பத்தேழு.
யாரும் வாழ்ந்திராத ஒரு நீண்ட ஆயுள்.

கோப்பில், 1992 முதல் 1995 வரை,
எல்லாக் கட்டங்களிலும்
−9999.
வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று கணினி எடுத்துக்கொண்டால்
ஆறு வற்றிப்போனதாக நம்பிவிடும்.
வற்றவில்லை.
அளக்கிறவர்கள்தான் கரைக்கு வர முடியவில்லை.
அப்போது யாசென்காவுக்கு வயது ஆறு.
அவளிடமும் அந்த வரிசையில் சில கட்டங்கள் உண்டு,
அதே எண்ணுடன்.

ஏழாம் நிலையம் மட்டும் குடும்பத்தில் சேர மறுத்தது.
ஒவ்வாமை 2.94.
பதினொன்று இருக்கும் குழுவில்
2.63-ஐத் தாண்டினால் சந்தேகப்படு என்கிறது அட்டவணை.
"தூக்கிவிடு, பத்து போதும்" என்றார் மிர்ஸாத்
கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி.
மௌஸை ஒருமுறை அழுத்தினால்
ஓர் ஆறு இல்லாமல் போகும்.

அவள் பேருந்து பிடித்தாள்.

பாலத்துக்கு அருகே டயர் கடை.
கடைக்காரி ஹைரியாதான் தினமும் காலை ஏழு மணிக்கு
தண்ணீரைப் பார்த்து எண்ணை அனுப்புகிறவள்.
மாதச் சம்பளம் இரண்டு பஞ்சர் ஒட்டும் காசு.
"தகட்டில் இருப்பதை எழுதினேன்.
தகடு எங்கே இருக்கிறது என்று
நீங்கள் யாரும் கேட்கவில்லையே."

ரப்பர் பூட்ஸோடு இறங்கி
டயர் கழற்றும் கம்பியால் பாசியைச் சுரண்டினாள்.
வெடிவைத்துத் தகர்த்த பழைய தூணின் அடிக்கட்டையில்
ஒரு சிவப்புக் கோடு.
பழைய பூஜ்யம்.
போருக்குப் பின் பாலம் கட்ட வந்தவர்கள்
ஆணி இறங்கிய இடத்தில் தகட்டை அறைந்துவிட்டுப் போயிருந்தார்கள்,
நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்.
இருபத்தைந்து ஆண்டுகளாக
எல்லா வெள்ளமும் முழங்காலளவு குள்ளம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி.
எங்கிருந்து அளப்பது என்று அது சொல்வதில்லை.

திருத்தியதும் ஒவ்வாமை 1.71.
கழுத்தைப் பிடித்துத் தள்ள இருந்த ஆறு
பந்தியில் வந்து உட்கார்ந்தது.
வந்த கையோடு
மற்ற பத்தின் வளைகோட்டையும் சற்றே மேலே தூக்கியது.
வரைபடத்தில் நீலக் கோடு
பிளம் தோப்பைக் கடந்து
பள்ளியின் வேலியைக் கடந்து
டயர் கடையின் நடுவே போனது.

தொலைபேசியில் சொன்னாள்.
நூறாண்டுக்கு ஒருமுறை என்று அர்த்தமில்லை,
வருடாவருடம் குலுக்கல்,
குடத்துக்குள் நூறு சீட்டு,
எடுத்ததைத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

ஹைரியா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் உறுமியது.
"வங்கிக் கடன் தீர இன்னும் பத்தொன்பது வருஷம்.
அதற்கு எவ்வளவு?"
பதினேழு சதவீதம்.
"பதினேழு என்றால்?"
ஆறில் ஒன்று.

மறுநாள் ஏழு மணிக்கு
வழக்கம்போல் செய்தி வந்தது:
131. மழை இல்லை.
புதிய பூஜ்யத்திலா, பழையதிலா
என்று கேட்டாள் யாசென்கா.
"நீங்கள் 173 என்று எழுதிக்கொள்ளுங்கள்.
இங்கிருந்து பார்த்தால்
131தான் தெரிகிறது."